எதையும் தாங்காத இரண்டு தூண்கள்

என் சிநேகிதன் காணாமல் போனது திருப்பதியில், பட்டப்பகலில், ஓர் ஆஸ்பத்திரியின் மருந்துக் கவுண்டருக்கு எதிரில். அவனை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு அவன் மனைவி மாத்திரை வாங்க வரிசையில் நின்றார். வாங்கிக்கொண்டு திரும்பிப் பார்த்தால் நாற்காலியில் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள். கீழே இவனுடைய செருப்பு மட்டும் கிடந்தது.

நான் அப்போது சித்தூரில் என் கண்ணாடிக் கடையில் ஓர் அம்மாளுக்கு ஃப்ரேம் மாட்டிக் காட்டிக்கொண்டிருந்தேன். போன் வந்தது.

"அண்ணா, இவரு இல்லைண்ணா."

அவன் செத்துப்போய்விட்டான் என்றுதான் எடுத்துக்கொண்டேன். "எப்போம்மா? டாக்டரு இன்னா சொன்னாரு?" என்று ஏதேதோ கேட்டேன்.

"அய்யோ, அது இல்லைண்ணா. ஆளக் காணோம். உக்கார வெச்ச எடத்துல இல்ல. செருப்பு கீது, அவரக் காணோம்."

கடையைப் பக்கத்து ஃபேன்ஸி ஸ்டோர்காரரிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். உயிரோடுதான் இருக்கிறான் என்று வந்த நிம்மதி பூதலப்பட்டு தாண்டுவதற்குள் தீர்ந்துபோயிற்று. தன் பெயரே நிச்சயமில்லாத ஒரு மனிதன், வெறுங்காலோடு, தேசத்தின் எல்லா மூலையிலிருந்தும் ஜனம் வந்து இறங்குகிற திருப்பதியில் போய்க் கலந்துவிட்டால் யார் தேடிக் கண்டுபிடிப்பது? சந்திரகிரி வந்ததும் டிரைவரிடம் போய் இன்னும் கொஞ்சம் வேகமாக ஓட்டச் சொன்னேன். அவர் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தார். 

அவனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சித்தூரைச் சுற்றியிருக்கும் மாம்பழக்கூழ் ஆலைகளில் ஒன்றில் பழம் வாங்கும் பிரிவில் இருந்தான். சீசன் வந்தால் வீடு தங்கமாட்டான், தோப்பு தோப்பாகச் சுற்றுவான். மனைவி தமிழ் மீடியம் ஆரம்பப் பள்ளியில் டீச்சராக இருந்தவர், நகரியில் தறி வைத்திருந்த குடும்பத்துப் பெண். நான் அவரை டீச்சரம்மா என்றுதான் கூப்பிடுவேன். அவர்களுக்கு ஒரே மகள், பெங்களூரில் இருக்கிறாள். என் மனைவி இறந்த பிறகு, கடை மூடும் நேரத்துக்குச் சரியாக வந்து நின்று, "வாடா, நம்ம வீட்ல துன்னுட்டுப் போலாம்" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனவன் அவன். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, நான் மறுபடி மனுஷனாகிற வரைக்கும்.

எங்கள் இருவரையும் சேர்த்து வைத்தது ஒரு சங்கம். வெள்ளைக்காரர்கள் காலத்திலேயே இந்தப் பக்கம் வந்துவிட்ட சகோதர சங்கம். அதன் ஆட்கள் அதை லாட்ஜ் என்பார்கள். முதல் தடவை அவன் "லாட்ஜுக்குப் போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பியபோது டீச்சரம்மா, "சொந்த வீடு இருக்கச்சொல்ல லாட்ஜுல இன்னா வேல உனுக்கு?" என்று சண்டைக்கு வந்துவிட்டாராம். திருப்பதிப் பக்கத்துக்காரர்களுக்கு லாட்ஜ் என்றால் வாடகை அறைதானே.

எங்களை ஒரே நாளில் சேர்த்தார்கள். கண்ணைக் கட்டி உள்ளே கூட்டிக்கொண்டு போனார்கள். கட்டை அவிழ்த்தபோது முதலில் தெரிந்தது இரண்டு மரத்தூண்கள். ஆள் உயரத்துக்கு மேல், பித்தளை நிற வர்ணம் பூசி, தலையில் ஆளுக்கொரு உருண்டையோடு, இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாக நின்றன. மேலே எந்த உத்தரமும் இல்லை. பழங்காலத்தில் ஒரு ராஜா கட்டிய கோயிலின் முகப்பில் நின்ற இரண்டு வெண்கலத் தூண்களின் ஞாபகமாக அவை வைக்கப்பட்டிருப்பதாகச் சொன்னார்கள். புதிதாக வருகிறவன் அந்த இரண்டுக்கும் நடுவில்தான் நடந்து வரவேண்டும். இடப்பக்கத் தூணுக்குப் பலம் என்று பொருள். வலப்பக்கத்துக்கு நிலைநிறுத்துவது என்று பொருள். பலம் மட்டும் இருந்து நிலை இல்லையென்றால் அது வெறும் முரட்டுத்தனம். நிலை மட்டும் இருந்து பலம் இல்லையென்றால் ஒரு காற்றுக்குத் தாங்காது. இரண்டும் சேர்ந்தால்தான் வீடு நிற்கும். இதுதான் பாடம்.

ஒவ்வொரு தூணுக்கும் ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரை ஒருவரே முழுசாகச் சொல்லிவிடக் கூடாது. சகோதரன்தான் என்று தெரிந்துகொள்ள, ஒருவன் பாதியைச் சொல்லவேண்டும், மற்றவன் மீதியைச் சொல்லவேண்டும். நானும் அவனும் இதைப் பழகியது என் கடையில், வாடிக்கையாளர் இல்லாத மத்தியான நேரங்களில். நான் லென்ஸ் துடைத்துக்கொண்டே பாதியைச் சொல்வேன். அவன் தினசரியிலிருந்து தலையைத் தூக்காமல் மீதியைச் சொல்வான். பள்ளிக்கூடத்துப் பையன்கள் மாதிரிச் சிரிப்போம்.

சடங்கு வாசகம் மொத்தமும் அவனுக்கு மனப்பாடம். புதிய உறுப்பினர்களுக்குத் தூண்களின் அர்த்தத்தை விளக்குகிற வேலையை எப்போதும் அவனுக்குத்தான் கொடுப்பார்கள். அப்படி ஒரு நாள் விளக்கிக்கொண்டிருக்கும்போது பாதியில் நிறுத்தினான். இடப்பக்கத் தூணைக் கையால் தடவிப் பார்த்தான். பிறகு என் பக்கம் திரும்பி, "இது எதுக்குடா இங்க நின்னுக்கினு கீது?" என்று கேட்டான். விளையாடுகிறான் என்று நினைத்து இரண்டு பேர் சிரித்தார்கள். அவன் முகத்தில் சிரிப்பு இல்லை. நான் எழுந்து போய் மீதியைச் சொல்லி முடித்தேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகப் போயிற்று. ஸ்கூட்டர் சாவி, பக்கத்துத் தெரு, மகளின் பெயர். கடைசியில் டீச்சரம்மாவின் பெயர். டாக்டர்கள் படம் எடுத்துப் பார்த்து, மூளை சுருங்கிக்கொண்டு வருகிறது, வேகத்தைக் குறைக்கலாம், நிறுத்த முடியாது என்றார்கள். அதற்காகத்தான் திருப்பதிக்கு வந்து போய்க்கொண்டிருந்தார்கள்.

நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது டீச்சரம்மா அவனுடைய செருப்பைப் பிளாஸ்டிக் பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாசல் கேமராவில் இருந்ததைப் போட்டுக் காட்டினார்கள். மஞ்சள் வேட்டி கட்டிய யாத்ரிகர்கள் ஒரு கூட்டமாக ரோட்டில் போகிறார்கள். இவன் வெறுங்காலோடு வெளியே வருகிறான், ஒரு நிமிஷம் தயங்குகிறான், அவர்கள் பின்னாலேயே நடந்து போகிறான். யாரோ கூப்பிட்டு அதற்குப் பதில் சொல்லப் போகிறவன் மாதிரி இருந்தது அவன் நடை. திரும்பத் திரும்ப அந்தத் துண்டையே போடச் சொன்னார் டீச்சரம்மா. கடைசியில் கேமராவைப் போட்டுக் காட்டிய பையன், "மேடம், சாலு மேடம், போதும்" என்று கையெடுத்துக் கும்பிட்டான்.

போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தோம். அங்கிருந்த பெண் கான்ஸ்டபிள் நல்ல மனசுக்காரி. "ஆன்ட்டி, இங்க காணாம தப்பிப் போறவங்க ஜாஸ்தி, கிடைக்கறவங்களும் ஜாஸ்தி. பயப்படாதீங்க" என்று தெலுங்குத் தமிழில் ஆறுதல் சொன்னார். பஸ் ஸ்டாண்டில் மைக்கில் அறிவிக்கச் சொன்னார்கள். தெலுங்கில், தமிழில், கன்னடத்தில் அவன் பெயரைக் கூப்பிட்டார்கள். அந்தப் பெயரைக் கேட்டுத் திரும்ப வேண்டியவனுக்கு அது தன் பெயர் என்று தெரியாதே என்பது எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றோம்.

அன்றும் மறுநாளும் அதற்கடுத்த நாளும் தேடினோம். அலிபிரி படிக்கட்டு ஆரம்பிக்கிற இடத்தில், ரயில்வே பிளாட்பாரத்தில், அன்னதானப் பந்திகளில், தர்ம சத்திரங்களில். என் போனில் அவன் போட்டோ இருந்தது. அடர்ந்த நரைமுடி, மீசை, சிரிப்பு. காட்டிய இடத்திலெல்லாம் தலையை ஆட்டினார்கள். போகிற வருகிறவர்களில் பாதிப்பேர் மொட்டை, தலையில் சந்தனம். முன்னால் போகிற ஒவ்வொரு மொட்டைத் தலையையும் ஓடிப்போய் முன்பக்கம் பார்ப்பதும், மன்னிப்புக் கேட்பதும், திரும்புவதுமாக இருந்தேன். மூன்றாவது நாள் மத்தியானம் கோவிந்தராஜர் கோயில் தெருவில் ஒருவரின் தோளைத் தொட்டபோது அவர் திரும்பினார். இவன் வயது, இவன் நிறம். ஆனால் இவனில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு நடுத்தெருவில் நான் அழுதேன். அவர் ஒன்றும் புரியாமல், கன்னடத்தில் ஏதோ சொல்லிக்கொண்டு, தன் பையிலிருந்து ஒரு லட்டை எடுத்து என் கையில் வைத்துவிட்டுப் போனார்.

அப்போதுதான் டீச்சரம்மா சொன்னார்: "அண்ணா, இவரும் மொட்டை போட்டுக்கினு இருந்தா? நாம தப்பான போட்டோவ காட்டிக்கினு கீறோம்."

ஒரு ஸ்டுடியோவுக்குப் போனோம். ஆபரேட்டர் பையனிடம் விஷயத்தைச் சொல்லி, படத்தில் முடியையும் மீசையையும் எடுத்துத் தரச் சொன்னோம். கம்ப்யூட்டரில் கொஞ்சம் கொஞ்சமாக முடி போய்க்கொண்டிருந்ததை டீச்சரம்மா கண் கொட்டாமல் பார்த்தார். மீசையும் போனதும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "இவரோட நைனா, எம் மாமனாரு செத்தப்போ இவரு இப்படித்தான் இருந்தாரு. ஒரு மாசம் நான் கிட்டப் போவல. யாரோ மாதிரி இருந்துச்சு" என்றார்.

அந்தப் படத்தைத் தெரிந்தவர்களுக்கெல்லாம் வாட்ஸ்அப்பில் அனுப்பினோம். எங்கள் சங்கத்துச் சகோதரர்களும் அவரவர் குரூப்புகளில் போட்டார்கள். அதற்கு மேல் செய்ய ஒன்றுமில்லை. பஸ் ஸ்டாண்டில் ஒரு சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்தோம். நான் டீ வாங்கி வந்து கொடுத்தேன். அவர் குடிக்கவில்லை. ஆடை படிகிற வரைக்கும் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா, ஒண்ணு கேக்கறேன். மறைக்காம சொல்லணும்."

"கேளும்மா."

"என் பேர மறந்துட்டாரு. பொண்ணு பேர மறந்துட்டாரு. ஆனா வீட்டுல இந்தச் செவுத்துக்கும் அந்தச் செவுத்துக்கும் நடந்துக்கினே வாய்க்குள்ள ஏதோ சொல்லிக்கினே கீறாரு. உங்க சங்கத்துச் சமாச்சாரம். கிட்டப் போனா கப்புனு நிறுத்திடறாரு. அது மட்டும் அவரு கிட்டேர்ந்து போவல. அது இன்னான்னு எனக்குச் சொல்லு."

"அது சொல்லக்கூடாது டீச்சரம்மா. சத்தியம் பண்ணிக்கீறோம்."

"ஆளே இல்லண்ணா. இனிமே யாருக்கு சத்தியம்?"

நான் எதிரே நின்ற பஸ்ஸின் போர்டைப் படித்துக்கொண்டிருந்தேன்.

"அவரு கெடச்சா இன்னா சொல்லிக் கூப்புடறது நானு? பேரச் சொன்னாத் திரும்ப மாட்டாரு. ஏங்கன்னாலும் திரும்ப மாட்டாரு. அவரு உள்ள இன்னும் ஒரு கதவு தொறந்து கீதுன்னா அது உங்க கதவுதான். இருவது வருஷமா எம் மூஞ்சிக்கு நேரா சாத்தின கதவு. அதையாவது தொறந்து விடு."

சொன்னேன். எங்கள் சங்கத்தில் யாரும் வெளியாளிடம், அதுவும் ஒரு பெண்ணிடம், சொல்லியிருக்க மாட்டார்கள். நெல்லூர் பஸ்ஸும் மதனபள்ளி பஸ்ஸும் புகை விட்டுக்கொண்டிருந்த இடத்தில் உட்கார்ந்து, கண்ணைக் கட்டுவதிலிருந்து தூண்களுக்கு நடுவே நடப்பது வரைக்கும் சொன்னேன். பலத்தைச் சொன்னேன், நிலையைச் சொன்னேன். தூண்களின் பெயரையும் சொன்னேன். அந்தப் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. பாதிப் பாதியாகச் சொல்ல வேண்டிய முறையையும் சொல்லிக் கொடுத்தேன். வகுப்பில் புதிய பாட்டு கற்றுக்கொள்கிறவர் மாதிரி இரண்டு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார்.

"இவ்ளோதானா?"

"இவ்ளோதான்."

"இதுக்கா கதவைச் சாத்திக்கினீங்க?" அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கும்போதே கண்ணில் நீர் வந்துவிட்டது. துடைத்துக்கொண்டு கேட்டார்: "அந்த ராஜா கட்டுன கோயிலு சொன்னியே. தூணு உள்ள இருந்துச்சா, வெளிய இருந்துச்சா?"

"வெளிய. முகப்புல."

"மேல கூரை?"

"கூரை இல்லன்னுதான் நெறைய பேரு சொல்றாங்க. சும்மா நின்னுச்சாம். எதையும் தாங்கல."

"எதையும் தாங்காத தூணு எதுக்கு?"

 இத்தனை வருஷத்தில் நான் அதைக் கேட்டதே இல்லை. வருகிறவனுக்கு இதுதான் வாசல் என்று தெரிவதற்காக இருக்கலாம் என்று ஏதோ சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். ஒப்புக்கொண்டாரா, விட்டுவிட்டாரா, தெரியாது. ஆறிப்போன டீயைக் கீழே ஊற்றினார்.

மறுநாள் காலையில் ஒரு கண்டக்டர் போன் செய்தார். முந்தாநாள் புத்தூரிலிருந்து கார்வேட்டிநகரம் போகிற பஸ்ஸில் படத்தில் இருக்கிற மாதிரி மொட்டைத்தலை ஆள் ஒருவர் ஏறினார், டிக்கெட் கேட்டதற்கு, "தோப்புக்குப் போறேன், பழம் பாக்கணும்" என்று மட்டும் சொன்னார், கார்வேட்டிநகரம் தாண்டி ஒரு நிறுத்தத்தில் இறங்கிவிட்டார் என்றார். தோப்பு என்ற வார்த்தையைக் கேட்டதும் டீச்சரம்மா செருப்புப் பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

கார் வைத்துக்கொண்டு போனோம். மாங்காய் சீசன். ரோட்டோரமெல்லாம் டிராக்டர்கள் காய் ஏற்றிக்கொண்டு நின்றன. விசாரித்துக்கொண்டே போனதில் ஒரு தோப்புக்காரர் படத்தைப் பார்த்ததும், "ஈ பெத்தாயனா? இந்தப் பெரியவரா? மா தோட்டத்துலதான் கீறாரு சார்" என்றார். தெலுங்கு பேசுகிற விவசாயி, ஆனாலும் அவர் தமிழ் எங்களுக்கு நன்றாகவே புரிந்தது. "பேரு கேட்டா சொல்லல. ஊரு கேட்டா சொல்லல. கீழ விழுந்த காயெல்லாம் பொறுக்கிப் பொறுக்கி வெச்சுக்கினே இருந்தாரு. சோறு போட்டா துன்னறாரு. மோட்டார் ரூம்ல படுத்துக்கறாரு. நாங்க போலீசுக்கு சொல்லிட்டம் சார், அவங்க வர்றதுக்குள்ள நீங்க வந்துட்டீங்க."

பம்ப்செட் வைத்த சின்ன அறை. ஒரே கதவு, அது திறந்திருந்தது. அவன் உள்ளே கோணிச் சாக்கின் மேல் உட்கார்ந்திருந்தான். மொட்டைத் தலை. மீசை இல்லை. கன்னம் ஒட்டியிருந்தது. உள்ளங்காலில் வெடித்து ரத்தம் காய்ந்திருந்தது. திருப்பதியில் எந்தக் கூட்டத்தோடு போய், யார் உட்கார வைத்து மழித்துவிட்டார்கள் என்று இன்றுவரைக்கும் தெரியாது.

டீச்சரம்மா அவன் முன்னால் மண்டியிட்டு, "என்னங்க, நான்தான்" என்றார். அவன் மரியாதையாகப் புன்னகை செய்தான், தெரியாதவர்களிடம் செய்வது போல. தன் பெயரைச் சொன்னார். மகள் பெயரைச் சொன்னார். அந்தப் புன்னகை மாறவில்லை. வீட்டுக்குப் போலாம் என்று கையைப் பிடித்தபோது மட்டும் பயந்துபோய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டான். விவசாயியும் அவர் குடும்பத்தாரும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். இழுத்தால் கத்துவான். கத்தினால் என்ன செய்வது?

நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து, மெதுவாக, தூணின் பெயரில் பாதியைச் சொன்னேன். காத்திருந்தேன். இன்னொரு தடவை சொன்னேன். அவன் என் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டிருந்தான். என் கடையில் எத்தனையோ மத்தியானம் தலையைத் தூக்காமல் மீதியைச் சொன்னவன். என் பாதி அங்கேயே அந்தரத்தில் நின்றுகொண்டிருந்தது.  இத்தனை நாள் தேடியதெல்லாம் வேறு யாரையோ, அவன் போய் வெகுநாள் ஆகிவிட்டது என்று தோன்றியது.

அப்போது டீச்சரம்மா அந்தப் பெயரைச் சொன்னார். பாதி இல்லை. முழுசாக, வகுப்பில் பெயர் கூப்பிடுகிற குரலில், எல்லோருக்கும் கேட்கும்படி.

அவன் துள்ளி எழுந்தான். டீச்சரம்மாவின் வாயைக் கையால் பொத்தினான். கண் இரண்டும் வாசலுக்குப் போயின.

"ஷ்ஷ்! வாய வெச்சுக்கினு சும்மா இரு. கதவு தொறந்துக்கினு கீது, பாக்கல?"

ஓடிப்போய்க் கதவைச் சாத்தினான். முதுகைக் கதவில் சாய்த்துக்கொண்டு மூச்சு வாங்க நின்றான். உள்ளே இருட்டாகிவிட்டது. தகரக் கூரை இடுக்கு வழியாக வந்த வெளிச்சத்தில் அவன் முகம் தெரிந்தது. அது பழைய முகம். சங்கத்தில் யாராவது வாசகத்தைத் தப்பாகச் சொன்னால் வருகிற கோபம் அதில் இருந்தது. கோபப்படுவதற்கு ஆள் உள்ளே இருக்கவேண்டும். 

"யாரும்மா நீ? இது உனுக்கு எப்படித் தெரியும்? எப்பச் சேந்த நீ?"

டீச்சரம்மாவின் கை தாலிக்குப் போயிற்று. பிறகு சொன்னார்: "முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சுங்க."

அவன் கணக்குப் போட்டுப் பார்க்கிறவன் மாதிரி நின்றான். பிறகு கைகளைக் கீழே விட்டான். "அப்ப எனக்கு முன்னாடியே வந்துட்டீங்க" என்றான். குரல் தணிந்துவிட்டது. 'நீ' போய் 'நீங்க' வந்துவிட்டது. "பெரியவங்க நீங்க. வெளி ஆளுங்க முன்னாடி சொல்லலாமா?"

"தப்புதாங்க. இனிமே சொல்ல மாட்டேன்."

"ஆங்."

"கௌம்பலாமா? மீட்டிங்குக்கு நேரம் ஆவுது."

அவன் தலையசைத்தான். டீச்சரம்மா பையிலிருந்து செருப்பை எடுத்து அவன் முன்னால் வைத்தார். குனிந்து மாட்டிவிட்டார். "பெரியவங்க நீங்க போய்..." என்று அவன் கூச்சப்பட்டுக் காலை இழுத்துக்கொண்டான். அவர் விடவில்லை. காரில் சித்தூர் வரைக்கும் அவன் தூங்கிக்கொண்டு வந்தான். டீச்சரம்மா வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். என்ன நினைத்தார் என்று நான் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு அவனுக்கு எந்த ஞாபகமும் திரும்பவில்லை. டீச்சரம்மா தன் மனைவி என்று அவனுக்குக் கடைசிவரை தெரியவே இல்லை. ஆனால் அவர் அறைக்குள் வந்தால் எழுந்து நிற்பான். சாப்பாடு அவர் உட்கார்ந்த பிறகுதான். வேறு யார் கூப்பிட்டாலும் குளிக்க வராதவன் அவர் சொன்னால் வருவான். பெங்களூரிலிருந்து வந்த மகள் இதைப் பார்த்துச் சமையலறையில் போய் நின்று அழுதாள். பார்க்கிறவர்கள், எவ்வளவு மரியாதை பாருங்க என்றார்கள்.

ஒரு நாள் நான் போயிருந்தபோது டீச்சரம்மா வாசலுக்கு வந்து மெதுவாகச் சொன்னார்: "அண்ணா, பொண்டாட்டியா இருந்தப்ப ஒரு தடவ கூட எழுந்து நிக்கல. இப்ப நிக்கறாரு. நான் யாருன்னு தெரியாமத்தான் நிக்கறாரு. எனக்கு இது வேணாண்ணா. திட்டட்டும். இன்னாடி சோறு இதுன்னு தட்டத் தூக்கிப் போடட்டும். பாத்ரூம்ல தண்ணியத் தொறந்துவிட்டுட்டுக் கத்தறேன் நானு, யாருக்கும் கேக்கக் கூடாதுன்னு."  பலம், நிலை என்று கற்றுக்கொண்டதெல்லாம் அந்த நேரத்தில் வாயில் வரவில்லை. கேட்டுக்கொண்டு நின்றேன். நின்றதைத் தவிர ஒன்றும் செய்யவில்லை. எதையும் நான் அவரிடமிருந்து வாங்கிக்கொண்டு சுமக்கவில்லை. ஆனாலும் மறுநாளும் போனேன். அதற்கடுத்த நாளும் போனேன். கொஞ்ச நாளில் நான் வருகிற நேரத்துக்கு அவரும் வாசலுக்கு வந்து நிற்க ஆரம்பித்தார்.

சங்கத்தில் நானே எழுந்து சொன்னேன், சத்தியத்தை மீறிவிட்டேன், அவன் மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன் என்று. நீக்கிவிடுவார்கள் என்றுதான் போயிருந்தேன். தலைமை நாற்காலியில் இருந்தவர் பல் டாக்டர். கையிலிருந்த சிறு மரச் சுத்தியலை மேஜையில் வைத்தார். பிறகு, "இப்ப எப்படி கீறாரு?" என்று கேட்டார். சொன்னேன். "சரி, உக்காருங்க" என்றார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் அவனுக்கு விழுங்குவது நின்றுபோயிற்று. தண்ணீர் கூடப் புரையேறியது. சளி கட்டி, காய்ச்சல் வந்து, ஒரு காலை நேரத்தில் போய்விட்டான். நான் போனபோது டீச்சரம்மா அவன் தலைமாட்டில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார். கரண்ட் இருந்தது, ஃபேனும் ஓடிக்கொண்டிருந்தது.

மத்தியானம் எடுத்தோம். சகோதரர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். பாடையில் எனக்கு முன்பக்கம் வலது தோள். மழை விட்டு, ரோடெல்லாம் சேறு. பெண்கள் தெருமுனை வரைக்கும்தான் வருவார்கள், அங்கிருந்து திரும்பிவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். முனைக்கு வந்ததும் உறவுக்காரர் ஒருவர், "அம்மா, இத்தோட நீங்க நின்னுக்கோங்க" என்றார்.

மற்ற பெண்கள் நின்றுவிட்டார்கள். டீச்சரம்மா நிற்கவில்லை. புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சேற்றைப் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து, என் பக்கத்திலேயே நடந்து வந்தார்.